காங்கேயம் பக்கம் போர்டு இல்லாத ஒரு ஒர்க்ஷாப், செவுத்துல சி.எஸ். சந்தோஷ்

மொதல்லயே சொல்லிடறேன், கடை பேரு கேக்காதீங்க, போர்டே கிடையாது. அண்ணன் பேரும் போடல, "எழுதறதுன்னா எழுதிக்க கண்ணு, பேரு மட்டும் போட்டறாத, இருக்கற வண்டியவே தாட்டி விட முடியல"ன்னு அவரே சொல்லிட்டார். காங்கேயத்துல இருந்து தாராபுரம் போற ரோட்டுல ஊதியூர் மலை கண்ணுக்கு தெரிய ஆரம்பிக்கற எடத்துல, ஒரு தேங்காய் களத்துக்கு பின்னாடி தகர ஷெட்டு. உள்ள போனா ஒரு பக்கம் கொப்பரை வாசம், ஒரு பக்கம் பெட்ரோல் வாசம், ரெண்டும் கலந்து ஒரு மாதிரி இருக்கும், சித்த நேரத்துல பழகிடும்.

அங்க என்ன செய்யறாங்கன்னா மண்ணுல ஓட்டற வண்டிக்கு வேலை. முன்னாடி ஷாக்கான ஃபோர்க், பின்னாடி ஷாக்கான மோனோஷாக், ஸ்போக் டைட் பண்றது, வீல் பெண்டு எடுக்கறது, ஹேண்டில் செட்டிங். சாதா சர்வீஸும் பண்றார் ஆனா அதுல மனசு இல்லைங்கறது பாத்தாலே தெரியும், ஸ்கூட்டர் கொண்டு வந்தா பையங்கிட்ட தள்ளி விட்டுடறார்.

என் வண்டி ஹீரோ எக்ஸ்பல்ஸ் 200, நாலு வால்வு மாடல், 2022ல எடுத்தது. முன்னாடி 21 இஞ்ச் வீல், பின்னாடி 18, தரைக்கும் வண்டிக்கும் 220 மில்லிமீட்டர் எடைவெளி. திருப்பூர்ல பனியன் கம்பெனி மெர்ச்சண்டைசருக்கு எதுக்குடா இந்த வண்டின்னு ஆபீஸ்ல கேக்காத ஆள் இல்ல. எனக்கு காரணம் இருக்குது, அப்புச்சி ஊரு வெள்ளகோவில் பக்கம், ஞாயித்துக்கெழமை வெள்ளென எந்திரிச்சு கொறங்காட்டு நடுவால இட்டேரில வண்டி விடறது ஒண்ணுதான் வாரம் பூரா பையர் மெயிலுக்கு பதில் போட்ட தலைவலிக்கு மருந்து. ரெண்டு பக்கமும் கிளுவ வேலி, நடுவுல மாட்டு வண்டி தடம், அதுல சுக்காங்கல்லு மொளைச்ச மாதிரி நிக்கும். சின்ன வீல் வண்டின்னா ஒவ்வொரு கல்லுக்கும் கையி அதிரும், 21 இஞ்ச் வீலு அது பாட்டுக்கு ஏறி எறங்கிக்கும்.

போன மாசம் முன்னாடி ஃபோர்க்ல எடது பக்கம் ஆயில் கசிய ஆரம்பிச்சுது. தப்பு என்னுதுதான், சேத்துல ஓட்டிட்டு வந்து கழுவாம அப்படியே நிறுத்தி வெச்சு, காஞ்ச மண்ணோட அடுத்த வாரம் மறுக்கா ஓட்டுனா சீல் எப்படி தாங்கும். திருப்பூர்ல ஒரு கடைல காட்டுனேன், எந்த கடைன்னு வேண்டாம், துணிய வெச்சு தொடைச்சு "ஒண்ணுமில்ல பாஸ் மழைத்தண்ணி"ன்னு 300 ரூபா வாங்கிட்டான். மழையே பெய்யல. ரெண்டாவது நாளே டிஸ்க் மேல ஆயில் எறங்கி முன் பிரேக் புடிச்சா வழுக்குது. பல்லடத்துல இருக்கற கூட்டாளி ஒருத்தன் தான் இந்த எடத்த சொன்னான்.

போனதும் ஒடனே வண்டிய பாப்பார்னு நெனச்சேன். பாக்கல. "எங்க ஓட்டறீங்க, எப்பிடி ஓட்டறீங்க, உக்காந்தா நின்னா"ன்னு மூணு கேள்வி. நின்னும் ஓட்டுவேன்னு சொன்னதுக்கு "செண்டர் ஸ்டாண்டு போட்டு வெச்சிருக்கேன், ஏறி நின்னு காட்டுங்"ன்னார். களத்துல கொப்பரை காய வெச்சிட்டு இருந்த அம்மாக்கள் நாலு பேரு பாத்துட்டு இருக்க, நான் ஓடாத வண்டி மேல ஏறி நின்னு ஹேண்டில புடிச்சிட்டு இருக்கேன். நெம்ப கேவலமா இருந்துச்சு, அதுல ஒரு அம்மா "தம்பி எங்கீங் போகுது"ன்னு வேற கேட்டுச்சு.

அப்ப தான் செவுத்த பாத்தேன். பைக் ராலி வீரர் சி.எஸ். சந்தோஷ் போட்டோ பேப்பர்ல வந்தத வெட்டி கண்ணாடி ஃபிரேம் போட்டு மாட்டிருக்கார், பக்கத்துல சின்ன சாமி படம், ரெண்டுக்கும் ஒரே பூச்சரம் இழுத்து விட்டிருக்குது. மாலை போட்ட மாதிரி தெரியவும் எனக்கு பகீர்னு ஆயிடுச்சு, "அண்ணா அவரு நல்லா தானே இருக்கார்"ன்னு கேட்டே போட்டேன். "நூறு வயசு இருப்பார், அது சாமி பூவு, ஆணி பத்தல"ன்னு சிரிச்சார். டூல் பாக்ஸ் மேல வெள்ளை பெயிண்ட்ல 36ன்னு எழுதிருக்கு. டூல் பாக்ஸ் நம்பர் போலன்னு நெனச்சேன், மத்த 35 எங்கன்னு கேக்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு, நல்லவேளை கேக்கல.

36ங்கறது 2015 டக்கார்ல சி.எஸ். சந்தோஷ் முடிச்ச எடம். பெங்களூர்க்காரர், 1983ல பொறந்தவர், டக்கார் ராலிய முடிச்ச மொத இந்தியர். எனக்கும் அவர புடிக்கும், இந்த வண்டி எடுத்ததுல பாதி அவர் வீடியோ பாத்த கெரகம் தான், ஆனா அண்ணனுக்கு இருக்கறது வேற லெவல்ங்க. ஃபோர்க்க கழட்டிட்டே கதை சொல்றார், கையும் நிக்கல வாயும் நிக்கல.

தெரியாதவங்களுக்கு சித்த சொல்லிடறேன். டக்கார்ங்கறது ரெண்டு வாரம் நடக்கற ராலி. மொதல்ல பாரிஸ்ல கிளம்பி ஆப்பிரிக்கால டக்கார் போச்சு, 2009ல இருந்து தென் அமெரிக்கா, 2020ல இருந்து சவுதி. சந்தோஷ் போன 2015ல அர்ஜென்டினா, சிலி, பொலிவியா மூணு நாடு சுத்தி மறுக்கா பியூனஸ் ஏர்ஸ். பைக்ல கிளம்புனவங்கள்ல பாதிப்பேர் பக்கம் தான் முடிச்சாங்க. வழி சொல்ல ஃபோன் மேப்பு எல்லாம் கெடையாது, அப்பெல்லாம் ஹேண்டில் மேல பொட்டியில ஒரு பேப்பர் சுருள் தான், அதுல இத்தனை கிலோமீட்டர்ல பள்ளம், இத்தனைல எடது, இங்க ஆபத்துன்னு குறி போட்டிருந்துச்சு, ஓட்டிட்டே அத உருட்டி உருட்டி படிக்க வேண்டியிருந்துச்சு. நம்ம ஊரு இட்டேரிலயே நான் ரெண்டு தடவை வழி தப்பி அடுத்தவன் காட்டுக்குள்ள போயி நாய் தொரத்திருக்குது.

அண்ணன் ஒரு எடத்துல நிறுத்திட்டார். பழைய ஃபோர்க் ஆயில தட்டத்துல ஊத்துனார், வடை சுட்ட எண்ணெய் கணக்கா கருப்பா வந்துச்சு, அத விரல்ல தொட்டு தேச்சு காட்டி "மண்ணு தெரியுதுங்ளா, நறநறன்னு. இது வெறும் இட்டேரி மண்ணு. அந்த வருசம் பொலிவியால உப்பு ஏரி மேல வண்டி விட்டாங்க, உயுனின்னு பேரு, மழை வேற, உப்புத்தண்ணி தெறிச்சு வயரிங்குல போயி பெரிய பெரிய கம்பெனி வண்டியே நின்னு போச்சு. அதுல கெலிக்கற வேகத்துல போன ஆளுகளே மாட்டிக்கிட்டாங்க. இவரு கூட பெருசா டீம் இல்லாம ஒத்தையா போனவரு, இந்தியால இருந்து அந்த வருசம் இவரு ஒருத்தர் தான். முடிச்சுட்டு வந்துட்டார்ல"ன்னார். அந்த உப்பு ஏரி விசயம் நெசம் தான், அந்த வருசம் முன்னணில இருந்த ஸ்பெயின்காரர் ஜோவான் பரேடா ஹோண்டா அங்க தான் படுத்துச்சு, ராலிய மார்க் கோமா அஞ்சாவது தடவையா ஜெயிச்சார். ஆனா அண்ணனுக்கு கோமா பேரெல்லாம் ஞாபகத்துல இல்ல, அவருக்கு 36 மட்டும் தான்.

அதுக்கு முன்னாடி அந்தாளு பட்ட பாடு தனி. மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ்ல ஆரம்பிச்சு, ரெய்டு டி ஹிமாலயா மாதிரி ராலி எல்லாம் ஜெயிச்சு, 2013ல அபுதாபி பாலைவன ராலில வண்டி தீப்புடிச்சு கழுத்துல தீக்காயம். அதோட ஊட்டுல உக்காந்திருக்கலாம். ரெண்டு வருசத்துல டக்கார் போறார். அப்புறம் ஹீரோ கம்பெனி ராலி டீம் ஆரம்பிச்சு 2017ல மொத டக்கார் போனப்ப அதுல இவரு, 2018ல 34வது. எடத்த வெச்சு பாத்தா 34 தானே ஒசத்தி, பாக்ஸ்ல அத எழுதலையான்னு கேட்டேன். "மொத புள்ளைக்கு தானுங் பேரு வெப்போம்"ன்னுட்டு சீல் தட்ட ஆரம்பிச்சுட்டார். இதுக்கு என்ன அர்த்தம்னு எனக்கு இன்னும் சரியா வெளங்கல, ரெண்டாவது புள்ளைக்கு பேரு வெக்க மாட்டாங்களா என்ன.

2021 ஜனவரி கதைய மட்டும் அவரு சத்தம் கொறைச்சு தான் சொன்னார். சவுதியில நாலாவது ஸ்டேஜ்ல விழுந்து தலைல அடி, ஹெலிகாப்டர்ல ரியாத் தூக்கிட்டு போயி கோமால வெச்சிருந்தாங்க. அதுக்கு முந்தின வருசம் தான் அதே டீம்ல பாவ்லோ கொன்சால்வஸ் ராலிலயே செத்துப்போனார், அதனால எல்லாருக்கும் உசுரு கையில இல்ல. நானும் அந்த வாரம் கம்பெனில ஷிப்மெண்ட் டென்சன்லயும் ஃபோன எடுத்து எடுத்து பாத்துட்டு இருந்தது ஞாபகம் வந்துச்சு. அண்ணன் மூணு நாள் கடை தொறக்கலையாம், ஊட்டுல அக்கா "யாரு அவரு, ஒரம்பரையா"ன்னு கேட்டுச்சாம். கண்ணு முழிச்சுட்டார்னு செய்தி வந்தன்னைக்கு சிவன்மலைக்கு நடந்தே போயிட்டு வந்திருக்கார். அந்த மாசக்கடைசில சந்தோஷ் ஊருக்கு வந்து சேர்ந்துட்டார், அந்த பேப்பர் கட்டிங்கு தான் ஃபிரேம்ல இருக்கறது.

சரி வேலைக்கு வருவோம், ரிவ்யூன்னு போட்டுட்டு கதையா எழுதிட்டு இருக்கேன்.

ஃபோர்க் ரெண்டு காலுக்கும் புது சீல், புது டஸ்ட் சீல், ஆயில். ஆயில ஊத்திட்டு விட்டுடல, ஊசி சிரிஞ்சுல சின்ன டியூப் மாட்டி, அளவு வெச்சு, ரெண்டு கால்லயும் மட்டம் ஒண்ணா இருக்கறவரைக்கும் உறிஞ்சி உறிஞ்சி எடுத்தார். ஒரு பக்கம் கூட ஒரு பக்கம் கம்மின்னா பள்ளத்துல வண்டி ஒரு மாதிரி இழுக்குமாம். ஃபோர்க் வெளில இருக்கறப்பவே ஹேண்டில் பேரிங்க விரல்ல சுத்தி பாத்தார், நடுவுல ஒரு எடத்துல 'டக்'னு நின்னுச்சு, என் கைய புடிச்சு வெச்சு காட்டுனார். நேரா ஓட்டி ஓட்டி கல்லுல குத்தி அந்த ஒரு எடத்துல குழி விழுந்திருக்கு. இப்ப மாத்த வேண்டாம் அடுத்த சர்வீஸ்ல பாக்கலாம்னு அவரே சொன்னார். மாத்தோணும்னு சொல்லிருந்தா நான் சரின்னு காசு குடுத்திருப்பேன், அது அவருக்கும் தெரியும்.

ஸ்போக் பாத்த விதம் தான் எனக்கு நெம்ப புடிச்சுது. சின்ன ஸ்பேனர எடுத்து ஒவ்வொரு கம்பியா தட்டிட்டே வீல சுத்தறார், 'டிங் டிங் டிங்'ன்னு வருது, திடீர்னு ஒண்ணு 'டொப்'புங்குது. அது லூசு. பின் வீல்ல அஞ்சு டொப்பு. கண்ண மூடிட்டு கேக்கறார், நாதஸ்வரக்காரர் சீவாளி பாக்கற மாதிரி. அந்த நேரம் பாத்து களத்துல யாரோ பாட்டு போட்டாங்க, "அத நிறுத்து சாமி"ன்னு ஒரு சத்தம் வெச்சார், பாட்டு நின்னுது.

அப்புறம் பின்னாடி மோனோஷாக். டேப் எடுத்து வீல் அச்சுல இருந்து சீட்டுக்கு கீழ ஒரு எடம் வரைக்கும் வண்டிய தூக்கி ஒரு அளவு, என்ன ஹெல்மெட் பூட்ஸோட ஏத்தி உக்கார வெச்சு ஒரு அளவு. 68 மில்லிமீட்டர் எறங்குது. இந்த வண்டிக்கு பின்னாடி மொத்த ஓட்டமே 170, அதுல மூணுல ஒரு பங்குக்கு கீழ தான் நம்ம வெயிட்டுக்கு எறங்கோணும், நீங்க உக்காந்ததுக்கே இவ்வளவு போயிட்டா பள்ளத்துக்கு என்ன மிச்சம் இருக்கும்னு கேட்டார். நியாயம். என் வெயிட் 84, கம்பெனி கேண்டீன் பரோட்டா அது. சி ஸ்பேனர் போட்டு ஸ்பிரிங் வளையத்த ரெண்டு கட்டம் இறுக்கி, ஒரு அளவு, மறுக்கா ரெண்டு கட்டம், இன்னொரு அளவு, கடைசில 52ல நிறுத்துனார். ரெண்டு வருசமா அந்த வளையத்த திருகலாம்னே எனக்கு தெரியாது.

கடைசியா கிளட்ச் லீவர், பிரேக் லீவர். அத புடிச்சிருக்கற கிளாம்ப் போல்ட்ட லூஸ் பண்ணி, நின்னுட்டு ஓட்டறப்ப மணிக்கட்டு மடங்காத மாதிரி சித்த கீழ எறக்கி, மறுக்கா டைட் பண்றப்ப முழுசா டைட் பண்ணல. மறந்துட்டார்னு நெனச்சு சொன்னேன். "விழுந்தா லீவர் சுத்திக்கோணும், ஒடையக்கூடாது. இறுக்கி வெச்சா ஒடைஞ்சுரும், அப்புறம் காட்டுக்குள்ள கிளட்ச் இல்லாம எப்பிடி ஊட்டுக்கு வருவீங்"ன்னார். கையில தட்டுனா தான் நகருது, ஓட்டறப்ப நகரல, அந்த பதத்துல வெச்சிருக்கார். செவுத்துல இருக்கறவர் வண்டிலயும் இப்பிடித்தான்னு ஒரு போடு போட்டார், அது இவருக்கு எப்படி தெரியும்னு நான் கேக்கல.

நான் போனப்ப இன்னொரு பையன், பொள்ளாச்சிக்காரன், வீல் பெண்டு எடுக்க வந்திருந்தான். அவன் வாயக்குடுத்து மாட்டுனான். "அண்ணா சந்தோஷ் எல்லாம் பழைய கதைங்ணா, ஹரித் நோவா தான்"ன்னான். அவன் சொன்னதும் தப்பில்லைங்க, நம்ம பாலக்காட்டு கணவாய தாண்டுனா ஷொர்ணூர், அங்க இருந்து போன பையன் 2021 டக்கார்ல 20வது, 2023ல முதுகெலும்புல அடி பட்டு, அடுத்த வருசமே போயி ராலி 2ங்கற, பெரிய டீம் வண்டிகளுக்கு அடுத்த பிரிவுல மொத எடம், மொத்தத்துல 11வது. டக்கார்ல ஒரு பிரிவ ஜெயிச்ச மொத இந்தியர். நெம்பர வெச்சு பாத்தா பக்கத்துல நிக்க ஆள் இல்ல. அண்ணன் கோவப்படுவார்னு பாத்தேன், படல. "அந்த பையன் வெகு சூட்டிகை, நான் இல்லைங்கல. ஆனா இட்டேரில மொத மழைக்கு அப்புறம் மொதல்ல தடம் போடறான் பாரு, அவன் வண்டி தான் சேத்துல எறங்கும். பொறகால வர்றவன் தடத்த பாத்து ஓட்டிக்கலாம்"ன்னுட்டு அவன் வீல எடுத்து ஸ்டாண்டுல மாட்டுனார். நான் ரெண்டு பேரு பக்கமும் தலையாட்டிட்டு டீ குடிச்சேன். என் மனசுல கேட்டா, ஓட்டத்துல ஹரித், ஆனா வண்டி எடுக்க வெச்சது சந்தோஷ். ஊட்டுல அம்முணி கேட்டா ரெண்டு பேரயும் ஒட்டுக்கா திட்டும்.

இன்னொண்ணு. எனக்கு ராலி கிட், அதாவது வண்டிய ஒசரமாக்கற சஸ்பென்சன் செட், போடோணும்னு ஆசை இருந்துச்சு, முன் சஸ்பென்சன் ஓட்டம் 250 மில்லிமீட்டர், பின்னாடி 220, தரை எடைவெளி 275ன்னு படிச்சு படிச்சு மனப்பாடம். கேட்டதும் என்ன மேல இருந்து கீழ வரைக்கும் பாத்தார். அஞ்சடி அஞ்சு இஞ்சு நானு. "இப்பவே விரல்ல நிக்கறீங், அது போட்டா சீட்டு இன்னும் ஒசரம். மேட்டுல நின்னு போனா காலு எட்டாம சாஞ்சுருவீங், தூக்க ஆளு வேணும். மொதல்ல ஆறு மாசம் நின்னு ஓட்டி பழகுங்"ன்னு முடிச்சுட்டார். சத்தம் போடற சைலன்சர் கேட்டு வந்த ஒரு பையன வாசல்லயே தாட்டி விட்டார், "மாடு மேயற காட்டுல எதுக்கு அது"ன்னு.

குறையும் சொல்லோணும். புதன்கெழமை தர்றேன்னார், சனிக்கெழமை பொழுதோட தான் குடுத்தார், நடுவுல நாலு தடவை கூப்புட்டும் ஃபோன் எடுக்கல. உக்கார எடம் கிடையாது, ஒரு பழைய டயர் இருக்கு, அதுல பூனை படுத்திருக்கும். பில் கேட்டா தினத்தாள் காலண்டர் கிழிச்சு பின்னாடி எழுதி தர்றார், கம்பெனி பில்லுன்னு எங்கயும் காட்ட முடியாது. பேச்சு கொஞ்சம் ஓவர் தான், அவசரமா போறவங்களுக்கு எரிச்சல் வரும், நின்னு ஓட்டறது எப்பிடின்னு முப்பது நிமிசம் பாடம் எடுத்தார், அதுல இருபது நிமிசம் டக்கார். பையன் வண்டி தொடைக்கறப்ப டேங்க்ல ஒரு சின்ன கீறல் போட்டுட்டான், கேட்டதுக்கு அண்ணன் கூலில 100 ரூபா கொறைச்சார், நானும் விட்டுட்டேன்.

மொத்தம் ஆனது 2,350 ரூபா, சாமானுக்கு தனியா ரசீது குடுத்தார், கூலி 1,100, அந்த நூறு கழிச்ச பொறகு.

ஞாயித்துக்கெழமை அதே இட்டேரி. சுக்காங்கல்லு மேட்டுல ஏறறப்ப முன்ன மாதிரி ஹேண்டில் அடிச்சுக்கல, பின் வீலு தரைய விட்டு துள்ளி துள்ளி வர்றதும் நின்னு போச்சு. முட்டிய டேங்குல அழுத்தி நின்னு ஓட்டுனேன், கை வலி பாதி தான். ஓடை மணல்ல மட்டும் பயந்து ஆக்சிலேட்டர விட்டுட்டேன், முன் வீலு பொதைஞ்சு மெதுவா சாஞ்சேன், எடது பக்கம். எந்திரிச்சு மொதல்ல பாத்தது கிளட்ச் லீவர். சுத்திட்டு மேல பாத்து நிக்குது, ஒடையல. உள்ளங்கைல ஒரு தட்டு தட்டி கீழ எறக்கிட்டு ஊட்டுக்கு வந்து சேர்ந்தேன்.

அஞ்சுக்கு நாலரை. அரை மார்க் ஃபோன் எடுக்காததுக்கு. போறவங்க காத்தால பத்து மணிக்கு முன்னாடி போங்க, அண்ணன் டீக்கு போறதுக்குள்ள புடிச்சிடலாம், வண்டிய கழுவிட்டு போங்க, மண்ணோட போனா திட்டு நிச்சயம். தேங்காய் களத்துக்குள்ள மட்டும் வண்டிய விட்டுடாதீங்க, கொப்பரை மேல டயர் பட்டா அந்த அம்மாக்கள் கிட்ட வாங்கிக்கட்டிக்க வேண்டியது தான், நான் வாங்கிட்டேன்.